ஈயம் பூசிய கிண்ணம்

அத்தியாயம் 9

நஜ்முன்னிசாவுக்கு அன்று விடியும்போதே வயிறு இழுத்துப் பிடித்துவிட்டது. பாயில் சுருண்டு, முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஆறு வயசுப் பிள்ளை. சத்தம் போட்டு அழுதால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் பின்னால் அந்தச் சந்தில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டில் கேட்பார்கள்.

போன நோன்புக்கு முன்னால் பிடித்த வலி இது. வயிறு கல்லாக இறுகும். வெளிக்குப் போகாது. தின்றது வாந்தியாக வரும். சில நாள் ஓடி விளையாடுவாள், மறுபடி சுருண்டுவிடுவாள். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. விளக்கெண்ணெய் கொடுத்தாயிற்று. குடல் தட்டுகிறவளைக் கூட்டிவந்து எண்ணெய் போட்டு நீவியாயிற்று. தர்காவில் ஓதி ஊதின தண்ணீரும் கழுத்தில் தாயத்தும் ஆயிற்று. உறையூர் வைத்தியர் சூடு என்றார். பாலக்கரை வைத்தியர் குளிர்ச்சி என்றார்.

போன வாரம் ஓதுகிற பள்ளியில் பாய் முழுக்க வாந்தி எடுத்துவிட்டாள். "சரியான பிறகு அனுப்புங்கம்மா" என்று சொல்லி விட்டார்கள். அந்தப் பாயை அவள் அம்மா ஹாஜிரா தெருக்குழாயடியில் எல்லார் முன்னாலும் அலசினாள்.

"என்னத்தப் போட்டு வளக்குறே ஹாஜிரா? பிள்ளை கழுத்தெலும்பு தெரியுது" என்று ஒருத்தி கேட்டாள்.

"சோறுதான்" என்றாள் ஹாஜிரா.

"எங்க வீட்லயும் சோறுதான் ஆக்குறோம்."

குடத்தை அரைகுறையாக நிரப்பிக்கொண்டு ஹாஜிரா வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் குழாயடிக்கு ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போகிறாள்.

இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்று முடிவு. நஜ்முவின் அப்பா அப்துல் சுக்கூர் கடையில் அரைநாள் லீவு கேட்டிருந்தான்.

அவன் வேலை பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது. பெரிய கடைவீதியில் அழகிரி முதலாளியின் பாத்திரக்கடைக்குப் பின்புறம் அவனுடைய அடுப்பும் துருத்தியும் இருந்தன. பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். களிம்பு விஷம். அதற்காகத்தான் உள்பக்கம் ஈயம் பூசுவது. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பாதி அடுப்படிகளில் அவன் கை பட்ட பாத்திரம்தான்.

"நஜ்மு, ரெண்டு மடக்கு குடிச்சுட்டுக் கிளம்பு. வெறும் வயித்தோட போகக்கூடாது" என்று ஹாஜிரா கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். புளி கரைத்து மிளகு தட்டிப்போட்ட புளியாணம். கொஞ்ச நாளாக அந்தப் பிள்ளைக்கு வேறு எதுவும் தொண்டையில் இறங்குவதில்லை.

"என் கிண்ணமா?"

"உன் கிண்ணம்தான்."

நஜ்மு எழுந்து உட்கார்ந்து குடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "அம்மா கிண்ணத்துல குடிச்சா புளிக்குது, அத்தா. இதுல குடிச்சா புளிக்கவே மாட்டேங்குது."

சுக்கூர் சிரித்தான். அது சின்னப் பித்தளைக் கிண்ணம். பிள்ளைக்கு வயிற்றுவலி வந்ததிலிருந்து அவனுக்குக் களிம்பு மேல்தான் சந்தேகம். ஆகையால் அந்தக் கிண்ணம் லேசாகக் கறுத்தாலே கடைக்கு எடுத்துப்போய்ப் புதுசாக ஈயம் பூசிக் கொண்டுவந்துவிடுவான். வலி அதிகமாக அதிகமாக, பூசுவதும் அதிகமாயிற்று. போன வாரம்கூடப் பூசினான். முகம் பார்க்கலாம் போல மின்னியது. பிள்ளைக்குத் தன்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தான்.

---

புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் வரிசை வாசல்வரை நின்றது. ஹாஜிரா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பிள்ளையை மடியில் போட்டபடி சுவரோரம் உட்கார்ந்தாள். முறை வருவதற்குள் நஜ்மு ஒரு தடவை வாந்தி எடுத்தாள். ஆயா வந்து மணலைக் கொட்டிவிட்டு, "மொதல்லயே சொல்லக்கூடாதா? எழுந்து வெளிய ஓடியிருக்கலாம்ல?" என்று கத்தினாள். சுற்றி இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஹாஜிரா துப்பட்டியின் ஓரத்தாலேயே பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

டாக்டர் அருள்நாதன் அதிகம் பேசாதவர். நஜ்முவைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. "ஆ காட்டு பாப்பா" என்றார். கட்டை விரலால் கீழுதட்டை மடக்கினவர் அப்படியே நின்றுவிட்டார். பிள்ளையை ஜன்னல் பக்கம் திருப்பி மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, பல்லும் ஈறும் சேருற இடத்துல கறுப்பா கோடு இருக்கே, எத்தனை நாளா இருக்கு?"

"கரித்தூள்லதாங்க பல்லு வெளக்குறா."

டாக்டர் பஞ்சால் துடைத்தார். போகவில்லை. "கரி இல்லை இது." சுக்கூர் பக்கம் திரும்பினார். "ஈயம் உடம்புல சேர்ந்தா இப்படி ஒரு கோடு விழும். காரீயம். பெயிண்ட் அடிக்கிறவங்க, அச்சாபீஸ்ல எழுத்துக் கோக்குறவங்க, அவங்க வீடுகள்ல பாத்திருக்கேன். வயித்தை இப்படித்தான் முறுக்கும். உங்க வீட்ல ஈயம் ஏதாவது புழங்குறீங்களா? நீ என்ன வேலை பாக்குறே?"

சுக்கூர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

ஈயத்தில் இரண்டு உண்டு. சோற்றுப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் மட்டும்தான் ஆகும். காரீயம் ஆகாது. தொழில் படிக்கிற எவனுக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அது. ஆனால் வெள்ளீயம் கப்பலில் வரவேண்டிய சரக்கு. விலை ஏற ஏற, அழகிரி முதலாளி காரீயத்தைக் கலந்து உருக்கிக் கம்பியாக ஊற்றிக் கொடுத்தார். சுத்தமான வெள்ளீயக் கம்பியை வளைத்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். முதலாளி கொடுக்கிற கம்பி ரொம்ப நாளாகச் சத்தம் போடுவதில்லை. அதைத்தான் சுக்கூர் ஊரார் பாத்திரத்துக்குப் பூசினான். அதில் மிச்சம் விழுகிற துண்டுகளை யாருக்கும் தெரியாமல் மடியில் கட்டிவைத்துக்கொண்டு, அதைத்தான் மகள் கிண்ணத்துக்கும் பூசினான்.

கலந்தால் சீக்கிரம் கறுக்கும், பளபளப்பு நிற்காது, அவ்வளவுதான் கெடுதி என்று நினைத்திருந்தான். அப்படி நினைத்துக்கொண்டால் வேலை செய்யச் சுலபமாக இருந்தது.

ஹாஜிரா வாயைத் திறந்தாள். அதற்குள் சுக்கூர் சொல்லிவிட்டான்.

"மூட்டை தூக்குறேங்க. காந்தி மார்க்கெட்ல."

"வீட்ல ஈயம்?"

"அதெல்லாம் இல்லீங்க."

ஹாஜிரா அவனைப் பார்த்தாள். சுக்கூர் தரையைப் பார்த்தான்.

டாக்டர் பஞ்சை வாளியில் போட்டார். "அப்ப அது இல்லை. குடல்ல எங்கயோ அடைப்பு இருக்கணும். இனியும் தள்ளிப்போடக் கூடாது. இன்னிக்கே படுக்கையில சேர்த்துடுங்க. காலையில பெரிய டாக்டர் வந்து வயித்தைத் திறந்து பார்ப்பார்."

"திறந்துன்னா?" என்றாள் ஹாஜிரா.

"ஆபரேஷன்மா."

---

பிள்ளைகள் வார்டில் கடைசிக் கட்டில் கிடைத்தது. நஜ்மு ஊசி போட்ட அசதியில் தூங்கினாள். ஹாஜிரா அவனை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"என்னங்க, மூட்டை எப்பலேர்ந்து தூக்குறீங்க?"

"வாய் தவறிடுச்சு."

"தவறுமா? எங்க அத்தா சம்பந்தம் பேச வந்தப்ப என்ன சொன்னீங்க? ஸ்ரீரங்கத்துல என் கை படாத அடுப்படி இல்லைன்னு மார் தட்டினீங்க. டாக்டர் கேட்டா மட்டும் ஈயம் பூசுறது கேவலமாப் போயிடுச்சா?"

அவன் அதற்குத்தான் வெட்கப்படுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கலப்படம் அவளுக்குத் தெரியாது. அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று சுக்கூர் பேசாமல் நின்றான். அதுவும் ஒரு பொய்தான்.

"ஈயம்னு அவர் சொன்னாரே. நம்ம ஈயத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா?"

"இது வேற, அது வேற."

"கேட்டாவது பாக்கலாம்ல? பிள்ளை வயித்தைக் கிழிக்கப் போறாங்க."

"கடைக்குப் போய்ட்டு வந்துடுறேன் ஹாஜிரா. ஸ்ரீரங்கத்துக்குப் பாத்திரம் கொடுக்கணும். முதலாளி காத்துக்கிட்டு இருப்பாரு."

"போங்க" என்றாள் அவள். "மூட்டை காத்துக்கிட்டு இருக்கும்."

---

அழகிரி முதலாளி கல்லாவில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார்.

"வா சுக்கூரு. பிள்ளைக்கு என்ன சொன்னாங்க?"

"காலையில ஆபரேஷனாம்."

"அட ஆண்டவனே." அவருக்கு நிஜமாகவே முகம் வாடிப்போயிற்று. நஜ்மு அந்தக் கடையில் தவழ்ந்த பிள்ளை. "செலவுக்கு என்ன வேணுமோ வாங்கிக்க. மெல்லக் கழிச்சுக்கலாம்."

பணத்தை நீட்டின கையைச் சுக்கூர் பார்க்கவில்லை. "முதலாளி, கம்பியில காரீயம் எவ்வளவு கலக்குறீங்க?"

கை அப்படியே நின்றது. முதலாளி வாசலைப் பார்த்துக்கொண்டு, குரலை இறக்கினார். "யாரு கேட்டது?"

"நான்தான் கேக்குறேன். அது உடம்புல சேர்ந்தா வயித்தை முறுக்குமாம். ஆஸ்பத்திரியில டாக்டரு சொல்றாரு."

"டாக்டர்ட்ட கடைப் பேரைச் சொன்னியா?"

"சொல்லல."

முதலாளி மூச்சு விட்டார். "சுக்கூரு, இந்தக் கடைவீதியில காரீயம் கலக்காம எவன் பூசுறான், சொல்லு. சுத்த வெள்ளீயத்துல பூசினா கூலியே கட்டாது. உன் அடுப்புல நெருப்பு எரிஞ்சிருக்குமா இத்தனை நாள்? ஊர்ல இத்தனை பேரு இதுல திங்கிறாங்க. செத்தா போய்ட்டாங்க?"

"என் பிள்ளை..."

"உன் பிள்ளை என் கடைக் கம்பியில ஏன் திங்கணும்? நான் உனக்குக் கொடுத்தேனா?" முதலாளி குரல் இன்னும் இறங்கியது. "நீ மடியில கட்டிக்கிட்டுப் போற துண்டெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? தெரியும். பிள்ளை குட்டிக்காரன்னு கேக்காம விட்டேன்."

அடுப்படியில் துருத்தி ஊதுகிறவன் திரும்பிப் பார்த்தான். சுக்கூருக்கு உடம்பெல்லாம் கூசியது. திருடினது தெரிந்தும் சும்மா இருந்திருக்கிறார். தினமும் அவர் முகத்துக்கு எதிரேதான் மடியைத் தடவிக்கொண்டு ஸலாம் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காது" என்று முதலாளி அவன் தோளைத் தொட்டார். "ஸ்ரீரங்கத்துப் பாத்திரத்தைக் கொடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. வாயை மட்டும் மூடிக்கிட்டு இரு. நீயும் நானும் சேர்ந்துதான் ஜெயிலுக்குப் போவோம், போனா."

---

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போது கண்டக்டர் சாக்கை உதைத்துப் பார்த்தார். "என்ன பாய், கல்யாணத்துக்குச் சீரா? இதுக்கும் டிக்கெட் போடணுமே."

சுக்கூர் பதில் சொல்லாமல் சாக்கை மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். காவேரிப் பாலம் நெடுக அது தொடையை அழுத்திக்கொண்டே வந்தது.

உத்தர வீதியில் ரங்கநாயகி அம்மாள் வீடு. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து இப்போதுதான் ஒரு ஆண் குழந்தை. ஆறு மாசம். அவளே கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை.

"வாங்கோ பாய். இன்னிக்கும் வரலேன்னா கடைக்கே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். நாளன்னிக்குக் கொழந்தைக்கு அன்னப்ராசனம். சொன்னேனோல்லியோ?"

"சொன்னீங்கம்மா."

சுக்கூர் சாக்கை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து வாசற்படிக்கு உள்ளே வைத்தான். புளிக்குழம்புக்கு ஒரு அடுக்கு, மோருக்கு ஒரு செம்பு, கடைசியில் சின்னதாக ஒரு உருளி. அவள் உருளியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். குழந்தை அதன் பளபளப்பைப் பிடிக்கக் கையை நீட்டியது.

"பாருங்கோ, அதுக்குள்ள அவசரம்! இதுலதான் மொதல்ல பெருமாளுக்கு அமுது பண்ணி, அப்புறம் இவனுக்கு ஊட்டறது. நன்னாப் பூசியிருக்கேள். ஆமாம், உங்க பொண்ணுக்கு வயித்துவலின்னேளே, தேவலையா?"

சுக்கூர் உருளியையே பார்த்தான்.

"என்ன பாய்?"

"அம்மா, அதுல வைக்காதீங்க."

"எதுல?"

"இந்த உருளியில. இதுல எதுலயும்." மறுபடி பொய் வாயில் வந்தது. "பூசும்போது போட்ட நவச்சாரத்தோட நெடி போகல. எடுத்துட்டுப் போய் வேற பூசிக்கிட்டு வரேன்."

அவள் உருளியை முகர்ந்து பார்த்தாள். "நெடி ஒண்ணும் இல்லையே. நாளன்னிக்கு விசேஷத்தை வச்சுண்டு வெளையாடறேளா?"

குழந்தை அவள் கையிலிருந்த உருளியின் விளிம்பைப் பிடித்து இழுத்து, பல் முளைக்காத வாயை அதில் வைத்துச் சப்பியது.

சுக்கூர் படியேறி உள்ளே கை நீட்டிப் பிடுங்கிவிட்டான். அதுவரை அந்த வீட்டில் அவன் வாசற்படி தாண்டியதில்லை. குழந்தை வீறிட்டது. ரங்கநாயகி பின்னால் நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

"காரீயம் கலந்திருக்கும்மா" என்றான் சுக்கூர். "வெள்ளீயம் இல்லை. என் பிள்ளை அதுலதான் சாப்பிட்டுச்சு. நான்தான் பூசிக் கொடுத்தேன். இப்ப ஆஸ்பத்திரியில கெடக்குது."

அவள் குழந்தையின் வாயைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளாம்மா."

"உங்களுக்குத் தெரியுமா, கலக்கறதுன்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சே பண்ணினேளா? இந்த ஆத்துல தெனமும் புளி கரைச்சுச் சாத்தமுது அதுலதான் வைக்கறேன். பெருமாளுக்குத் தளிகை அதுலதான் ஆறது. நான் புள்ளைத்தாச்சியா இருந்தப்போ சாப்பிட்டது அதுலதான்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "எத்தனை வருஷமா உங்களை நம்பி ஆத்து வாசல்ல பாத்திரத்தைக் கொண்டுவந்து வைக்கறோம்."

அவன் உருளியோடு பின்வாங்கி வாசற்படிக்கு வெளியே இறங்கினான்.

"அவர் ஆபீஸ்லேர்ந்து வரட்டும். முனிசிபாலிட்டிக்கு எழுதாம விடமாட்டார், சொல்லிட்டேன். எல்லாத்தையும் எடுத்துண்டு போங்கோ." சாக்கில் அவன் பாத்திரங்களைத் திரும்பப் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவள் சட்டென்று கேட்டாள். "டாக்டர்ட்ட இதைச் சொன்னேளா?"

"இல்லம்மா. மூட்டை தூக்குறேன்னு சொல்லிட்டேன்."

"பெத்த பொண்ணு கிடக்கா. என்கிட்ட சொல்ல வந்துதே வாய், அங்க வராதா? ஏன் இன்னும் நின்னுண்டிருக்கேள்? போங்கோ!"

கதவைச் சாத்தினாள். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது.

---

சாக்கைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏறியபோது விளக்கு போட்டுவிட்டார்கள். டாக்டர் அருள்நாதன் சாயங்கால ரவுண்டு முடித்துப் பிள்ளைகள் வார்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்.

"டாக்டர் சார்."

"யாரு? காலையில வந்த ஆளா? என்னய்யா சாக்கு? மார்க்கெட் மூட்டையை ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டு வந்துட்டியா?"

பக்கத்திலிருந்த நர்ஸ் சிரித்தாள். சுக்கூர் சாக்கை இறக்கினான். பாத்திரங்கள் கலகலவென்றன.

"நான் மூட்டை தூக்குறவன் இல்லீங்க. பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவன். காரீயம் கலந்த ஈயம். பிள்ளை கிண்ணத்துக்கும் அதுலதான் பூசினேன். களிம்பு பிடிச்சுடக் கூடாதுன்னு திரும்பத் திரும்பப் பூசினேன். காலையில உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

டாக்டர் ஒரு அடி முன்னால் வந்தார். அடிப்பார் என்றுதான் சுக்கூர் நினைத்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றான்.

"எதைக் கொடுப்பீங்க அந்தக் கிண்ணத்துல?"

"புளியாணம்ங்க. புளி ஊத்தின ரசம்."

"புளி! அதை விட வேற வேணுமா? ஈயத்தை அப்படியே கரைச்சுக் கொடுத்திருக்கீங்க." அவர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், காலையில ஆபரேஷன் வேண்டாம்னு பெரிய டாக்டருக்குச் சொல்லிடுங்க. ரத்தம் எடுக்கணும்." மறுபடி இவனிடம்: "நாளைக்கு இந்நேரம் உன் பிள்ளை வயித்துல தையல் போட்டிருப்போம்யா. ஒண்ணுமில்லாததுக்கு. தெரியுமா உனக்கு?"

"தெரியும்ங்க."

"தெரிஞ்சும் போனியா?"

வார்டு வாசலில் ஹாஜிரா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கையில் அந்தக் கிண்ணம். பிள்ளைக்குப் பால் வாங்க எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இது வேற, அது வேறன்னீங்களே" என்றாள்.

சுக்கூர் தலை குனிந்தான்.

டாக்டர் அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். நர்ஸிடம் கொடுத்துப் பத்திரப்படுத்தச் சொன்னார். சுக்கூரும் ஹாஜிராவும் அவர் பின்னால் நஜ்முவின் கட்டிலுக்குப் போனார்கள். பிள்ளை விழித்திருந்தது. அப்பாவைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பைத் தாங்கமாட்டாமல் சுக்கூர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தான்.

"ஈயத்தை உடம்பிலேர்ந்து இறக்க ஒரு ஊசி மருந்து இருக்கு" என்றார் டாக்டர். "இங்க கிடைக்காது. மெட்ராஸுக்குத் தந்தி கொடுக்குறேன். வர்றவரைக்கும் வலிக்குத்தான் மருந்து கொடுக்க முடியும். மூளைக்கு ஏறாம இருக்கணும், அதுதான் என் கவலை. பேச்சுத் தடுமாறினா, வலிப்பு வந்தா உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்க. சரி, அந்தக் கிண்ணத்துல வேற யாரு சாப்பிடுறது?"

"யாருமில்லீங்க. அவளுக்குன்னே வச்சது" என்றான் சுக்கூர்.

"நீ சொல்லும்மா."

ஹாஜிரா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை பாதிக்கு மேல குடிக்க மாட்டா. மிச்சத்தைக் கீழ ஊத்த மனசு வராது. நான்தான் குடிச்சுடுவேன்."

"தினமுமா?"

அவள் தலையாட்டினாள்.

டாக்டர் சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். "உதட்டை இறக்கிக் காட்டு."

காட்டினாள். அவர் பார்த்தார். ஈறோரம் அதே கறுப்புக் கோடு. நின்ற இடத்திலிருந்தே சுக்கூருக்கும் அது தெரிந்தது.

"உனக்கு வயித்துவலி வருதா?"

"வலி இல்லீங்க. கொமட்டல்தான்." ஹாஜிரா துப்பட்டியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பேச்சு முழுக்க டாக்டரிடம்தான். சுக்கூர் நின்ற பக்கம் அவள் திரும்பவேயில்லை. "அது இதனாலயா, அதனாலயான்னு எனக்குத் தெரியல. எனக்கு மாசம் தள்ளிப் போயிருக்கு டாக்டர். வீட்ல இன்னும் சொல்லல. நஜ்மு எழுந்து நடமாடட்டும், அப்புறம் சந்தோஷமாச் சொல்லலாம்னு இருந்தேன்."

டாக்டர் டார்ச்சை அணைத்தார்.

"உட்காரும்மா" என்றார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு முக்காலிதான் இருந்தது. சுக்கூர் அதை எடுத்து அவள் அருகில் கொண்டுவந்து போட்டான். ஹாஜிரா முக்காலியைப் பார்த்தாள். பிறகு துப்பட்டியை ஒதுக்கிக்கொண்டு, பிள்ளையின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தாள்.